மிர்னா ஒரு கருத்துச் சொன்னாள்

நாங்கள் அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்கள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஃபீனிக்ஸில் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டபோது நானும் மிர்னாவும் பஃபலோவிலிருந்து விமானத்தில் போய் வந்தோம். அதற்காக விமானக் கம்பெனி எங்கள் பெயரில் கொஞ்சம் மைல்களைப் போட்டு வைத்தது. அந்த மைல்களை வைத்துத் திரும்பப் பறப்பதென்றால் ரன்வே முடிவதற்குள் இறங்கிவிட வேண்டும். சீக்கிரம் செலவழிக்காவிட்டால் எல்லாம் காலாவதி என்று மிரட்டிவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒன்று, பெயர் எழுதிப் பெட்டியில் கட்டித் தொங்கவிடும் தோல் அட்டை. மற்றது, 'நேஷனல் டிவிடெண்ட்' என்ற வணிக நாளிதழ், ஒரு வருஷத்துக்கு.

"நமக்கு இருக்கறதே ஒரு பெட்டி. அது யாருதுன்னு நமக்குத் தெரியாதா? பேப்பரைப் போடச் சொல்லு," என்றாள் மிர்னா.

மிர்னா என் மனைவி. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தலைமைச் சமையல்காரி. நான் ஏரிக்கரைத் தானிய ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் இரண்டு பேருடைய வணிக அறிவையும் சேர்த்துப் பிசைந்தாலும் ஒரு பியரோகிக் கொழுக்கட்டைக்குள் வைத்து மடிக்கப் போதாது.

ஆனாலும் அந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் மிர்னாவுக்குப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைகளில் விற்பனைக்கு வந்திருக்கும் மாளிகைகளைப் படத்தோடு போடுவார்கள். அதை மட்டும் கிழித்துப் பள்ளிக்கு எடுத்துப்போய், உருளைக்கிழங்கு உரிக்கும் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவாள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. பதினோரு கக்கூஸ் கட்டியிருக்காங்க. அப்படி என்னத்தத்தான் தின்பாங்களோ!" சமையற்கட்டே குலுங்கும்.

ஒரே ஒரு குறை. பத்திரிகை வாசற்படியில் விழுந்ததே இல்லை. விடியுமுன் ஒரு கார் உறுமிக்கொண்டு போகும், ஏதோ ஒன்று பறக்கும். பிறகு நான் வேலிச் செடிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டும். இல்லையென்றால் ஏணி வைத்துக் கூரைமேல் ஏற வேண்டும்.

ஆறு மாதம் கழித்துப் பத்திரிகையிலிருந்து கனமான கவர் ஒன்று வந்தது. 'உங்கள் கருத்தே எங்கள் மூலதனம்' என்று மேலே தங்க எழுத்து. மிர்னா பேனாவை எடுத்துக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்பவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் காலாண்டில் எத்தனை நிறுவனங்களை வாங்கினீர்கள்னு கேக்கறான்."

"ஒண்ணும் இல்லன்னு போடு."

"அதுக்குக் கட்டம் இல்லையே. ஒண்ணுலேருந்து மூணு, நாலுலேருந்து ஒம்பது, பத்துக்கு மேல. அவ்வளவுதான்."

"அப்ப இருக்கறதுலயே சின்னதாப் போடு. பெருமையடிச்ச மாதிரி இருக்க வேண்டாம்."

ஒன்றிலிருந்து மூன்று வரை என்று குறித்தாள். 'உங்கள் முடிவுகளால் பாதிக்கப்படுபவர்கள் எத்தனை பேர்?' யோசித்துவிட்டு அறுநூறு என்று எழுதினாள். பள்ளியில் அத்தனை பிள்ளைகள். அவர்கள் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை வியாழக்கிழமை அவள் போடும் இறைச்சி ரொட்டியைச் சாப்பிட்ட யாரும் மறுக்கமாட்டார்கள். 'முடிவெடுக்குமுன் யாரையாவது கலந்தாலோசிப்பீர்களா?' நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். இல்லை என்று எழுதினாள்.

கடைசியில் சொந்தக் கருத்துக்கு நாலு வரி விட்டிருந்தார்கள். 'பத்திரிகை நன்றாக இருக்கிறது. போடுகிறவருக்குத்தான் கண் தெரியாது போலிருக்கிறது' என்று எழுதி, ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டு மறந்துபோனாள். பத்திரிகை மறக்கவில்லை.

மிர்னாவின் பள்ளியில் ஓட்டிஸ் பிராட்நாக்ஸ் என்று ஒரு பஸ் டிரைவர். மத்தியானம் அவள் கையால் சாப்பிடாத நாள் கிடையாது. ஒரு நாள் தட்டை நீட்டியபடி, "மகராசி, என் மூஞ்சிய நல்லாப் பாத்து வச்சுக்க. வசந்தம் வரும்போது எந்த ஊர்ல இருப்பேனோ," என்றான்.

"ஏன்யா, என்ன ஆச்சு?"

"பஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னால ஒரு ரூட்டுல பேப்பர் போடறேன்ல, அங்கேருந்து நோட்டீஸ். உயர்நிலை வாசகர் ஒருத்தருக்கு என்மேல அதிருப்தியாம். ஜனவரி கடைசிக்குள்ள அது தீரலேன்னா ரூட்டைப் பிடுங்கிருவாங்களாம். யாருன்னுதான் புரியல. மூணு கம்பெனி வாங்கின ஆளாம். அறுநூறு பேரைக் கட்டி மேய்க்கிற ஆளாம். என் ரூட்டுலயே பெரிய பணக்காரன் குஸ்னியார்தான். அவன்கிட்ட ரெண்டு புல்வெட்டி இருக்கு."

மிர்னா கையிலிருந்த கரண்டி மெக்கரோனிக்குள் மூழ்கியது. "என்ன எழுதியிருந்தானாம் அந்த ஆளு?"

"எனக்குக் கண்ணு தெரியாதாம்."

"ஓட்டிஸ், அது நான்தான்யா."

முதலில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று கம்பெனி எங்கே, காட்டு என்றான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த ரூட்டுதான் மிர்னா எங்க வீட்டு ஹீட்டர். அது போச்சுன்னா நானும் என் பொண்டாட்டி லொரெய்னும் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கணும்."

"வாசப்படியில போட்டாத்தான் என்ன?"

"வண்டிய நிறுத்தினா மறுபடி கிளம்பாது. ஓட்டிக்கிட்டே இடது கையால வீசறேன். நான் வலது கைக்காரன்."

அன்று வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் பத்திரிகைக்கு ஃபோன் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"நான் சொன்ன கருத்தை வாபஸ் வாங்கணும்மா."

"மன்னிக்கணும் மேடம். கொடுத்த கருத்து பத்திரிகையோட சொத்து."

"என் கருத்தும்மா அது!"

"கொடுக்கற வரைக்கும்தான் மேடம். வேணும்னா புதுசா ஒண்ணு கொடுங்க."

"சரி, எழுதிக்க. அந்த ஆளு தங்கமான மனுஷன். கழுகுக் கண்ணு. பேப்பர் விழற இடத்துலதான் விழுது, நாங்கதான் தப்பான இடத்துல தேடிட்டோம்."

இதற்குப் பத்து நாளில் பதில் வந்தது. ஒரே வாசகர் ஒரே காலாண்டில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு கருத்துகளை இவ்வளவு உணர்ச்சியோடு தெரிவித்திருப்பது அபூர்வமான ஈடுபாட்டைக் காட்டுவதாகவும், அதனால் மிர்னாவை வாசகர் கருத்துப் பேரவைக்கு உறுப்பினராக நியமித்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். நியூயார்க்கில் கூட்டம். இரண்டு பேருக்கும் விமான டிக்கெட்.

"நேர்ல போய்ச் சொன்னா எவனாவது ஒருத்தன் காதுல விழும்," என்று கிளம்பினாள். அந்தப் பயணத்துக்கும் மைல் கொடுத்தார்கள். அதில் எங்கள் சந்தா இன்னொரு வருஷத்துக்குத் தானாக நீண்டுவிட்டது.

நேஷனல் டிவிடெண்டின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கலக் காது. மிர்னா அதன் அருகே போய், "ஓட்டிஸ் பிராட்நாக்ஸ் விஷயமா வந்திருக்கேன்," என்றாள். வரவேற்பிலிருந்த பெண், அது சிற்பம், அதில் பேசக்கூடாது என்றாள்.

மேல்மாடியில் கேட்டல் துறையின் துணைத் தலைவர் தாடியஸ் விட்லாக் எங்களை வரவேற்றார். ஒல்லியாக, உயரமாக, இஸ்திரி போட்டு மாட்டியது போல இருந்தார். கேட்பதன் அருமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"நண்பர்களே! வாசகர் சொல்வதைக் கேட்பதற்கென்றே ஒரு துறை வைத்திருக்கும் ஒரே பத்திரிகை நாம்தான். சென்ற ஆண்டு லட்சக்கணக்கான கருத்துகள் வந்தன. ஒன்றைக்கூட நாங்கள் வீணாக்கவில்லை. எண்ணினோம், சராசரி எடுத்தோம், விளம்பரதாரர்களுக்கு விற்றோம். அந்தக் கருத்துகளில் என்னதான் இருந்தது என்று சிலர் கேட்கிறார்கள். அது வாசகரின் அந்தரங்கம். அதற்குள் நாங்கள் தலையிடுவதில்லை. வாசகர் யார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அவர் வாசிக்கிறாரா என்பது அவருடைய சொந்த விஷயம். இன்னும் சொல்லப்போனால், வாசிக்காத வாசகரிடமிருந்து இதுவரை ஒரு பிழைதிருத்தம்கூட வந்ததில்லை!"

மிர்னா கையைத் தூக்கினாள். உறுப்பினர்கள் கேட்பதற்கான நேரம் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருவர் வந்து கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

இரவு விளம்பரதாரர்களோடு விருந்து. எனக்குப் பக்கத்தில் ஒமாஹாவிலிருந்து வந்த ஒரு விதவை. சந்தா அவள் கணவன் பெயரில். அவன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ரத்து செய்யக் கேட்டிருக்கிறாள். அவர்கள் ஏற்றுக்கொள்ளும் காரணங்களில் மரணம் இல்லையாம். "அவரைத்தான் பேரவைக்குக் கூப்பிட்டாங்க. அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன்," என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

மிர்னாவைச் சுற்றி ஒரே கூட்டம். காலாண்டுக்கு மூன்று நிறுவனம் வாங்குகிறவள் என்று ஊதிவிட்டிருந்தார்கள். சொந்த விமானம் விற்கும் ஒருவர் குனிந்து, "மேடம் வழக்கமா எப்படிப் பறப்பீங்க?" என்று கேட்டார்.

"நடு சீட்ல," என்றாள் மிர்னா. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அவளை மேடைக்கு அழைத்தார்கள். விருந்துக்கென்று வாங்கிய செருப்பு கடித்ததால் நொண்டிக்கொண்டே ஏறினாள்.

"என் பேரு மிர்னா. நான் சமைக்கிறவ. ஒரு ஆளைப் பத்தி வாய் தவறி ஒண்ணு சொல்லிட்டேன். பேரு ஓட்டிஸ். குளிரு, பனி எதையும் பாக்காம உங்க பேப்பரைக் கொண்டாந்து போடறவன். அவன் பொழப்புல கை வைக்காதீங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. விமானக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'நான் சமைக்கிறவ.' ஆகா, ஒரு நிறுவனத் தலைவி தன்னைப் பத்தி இதைவிட அழகா சொல்ல முடியுமா!" என்றார். விட்லாக் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "கேட்டீர்களா? வாசகர் வேண்டுவது செய்தி அல்ல, உறவு! பத்திரிகை போடுபவரோடு ஓர் உறவு!" என்று முழங்கினார்.

அந்த உறவு அடுத்த மாதமே அமலுக்கு வந்தது. பத்திரிகை போடுகிறவர்கள் இனி விநியோகத் தூதர்கள். வெள்ளைக் கையுறை அணிய வேண்டும். கதவைத் தட்டி, இரண்டு கையாலும் பத்திரிகையைக் கொடுத்து, வாசகரின் அன்றாடக் கருத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டிஸ் மேலிருந்த நோட்டீஸ் மட்டும் அப்படியே இருந்தது.

முதல் நாள் மணி அடித்ததும் நான் உள்சட்டையோடு போய்க் கதவைத் திறந்தேன். ஏரிக்காற்றில் மூக்குச் சிவந்து, வெள்ளைக் கையுறையோடு ஓட்டிஸ் நின்றான்.

"உயர்நிலை வாசகரே, தங்கள் கருத்தை அறிய நேஷனல் டிவிடெண்ட் ஆவலோடு காத்திருக்கிறது."

"என் கருத்தைச் சொன்னேன்னா உன் வெள்ளை உறை கருத்துப் போயிரும். உள்ள வாய்யா, காப்பி குடி."

"எங்கேருந்து குடிக்கறது? வண்டிய விட்டுட்டு நடந்தே வர்றேன், இன்னும் முக்கால்வாசி வீடு இருக்கு. பஸ்ஸுக்காகப் பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்."

ஒரு வாரம் பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றன. அதற்குப் பிறகு ஓட்டிஸ் ஒரு முடிவுக்கு வந்தான். பத்திரிகையைப் பழையபடி வீசினான். கருத்துகளை மத்தியானம் சாப்பிட்ட பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து தானே எழுதினான். எங்கள் யாரையும் கேட்கவில்லை.

அவனுக்குள் அப்படி ஒரு திறமை இருந்தது எங்களுக்குத் தெரியாது. பத்திரிகையில் அதையெல்லாம் கட்டம் கட்டிப் போட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மிர்னா சத்தமாக வாசித்தாள்: "'தாமிர விலை பற்றிய உங்கள் தலையங்கம் என் மணவாழ்க்கையைக் காப்பாற்றியது. கிளேட்டன் கொரெட்ஸ்கி, பஃபலோ.' யோவ், இது நீதானே? எப்பய்யா காப்பாத்திச்சு? எனக்குத் தெரியவே தெரியாதே!"

எதிர்வீட்டுக் குஸ்னியார் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுடைய கருத்தும் வந்திருந்தது. இறந்த பிறகும் சந்தாவைத் தொடர விரும்புவதாக. "கிளேட்டன், நான் இந்தப் பேப்பரை வாங்கறதே இல்லையேடா," என்றான். ஆனாலும் அதைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தான்.

ஜனவரியில் அறிவிப்பு வந்தது. நாட்டிலேயே மிகத் திருப்தியான வாசகர்கள் வாழும் தெரு எங்களுடையது. அதை நேரில் பார்த்துக் களிக்கத் துணைத் தலைவர் விட்லாக் வருகிறார். தூதரோடு காரில் சென்று, தன் கையாலேயே பத்திரிகை கொடுப்பார்.

அவர் வந்த அன்று ஏரி தன் கையிருப்பு முழுவதையும் எங்கள் தலையில் கொட்டியது. முழங்காலளவு பனி. பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஓட்டிஸின் கார் எங்கள் வீட்டு முன்னால் வந்து சிக்கிக்கொண்டு அணைந்துபோனது. விட்லாக் நகரத்து ஷூவோடு இறங்கினார், முழங்காலுக்குக் கீழே காணாமல் போனார். அப்படியே தவழ்ந்து போய்க் குஸ்னியார் வீட்டுக் கதவைத் தட்டி, வெள்ளை உறைக் கைகளால் பத்திரிகையை நீட்டி, "தங்கள் கருத்து?" என்றார்.

குஸ்னியார் வாழ்நாளில் முதன்முறையாகத் தன் கருத்தைத் தானே சொன்னான். அது தெரு முழுக்கக் கேட்டது. விட்லாக்கின் அம்மா, பாட்டி வரைக்கும் அதில் வந்தார்கள்.

மிர்னா ஓடிப்போய் ஓட்டிஸோடு சேர்ந்து அவரை இழுத்துவந்து அடுப்பங்கரையில் உட்காரவைத்தாள். காலை வெந்நீரில் வைத்து, முன்னால் ஒரு தட்டுப் பான்கேக்கையும் வைத்தாள். அவர் மூன்றாவதைத் தின்னும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"சார், உங்க பேப்பர்லயே இந்தத் தெருதான் ரொம்பத் திருப்தின்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் ஓட்டிஸ் பேர்ல அந்த நோட்டீஸ்?"

"அது கம்ப்யூட்டர்ல இருக்கு மேடம். மாசக் கடைசியில அதுவே அவரை நீக்கிரும்."

"நீங்கதானே பெரிய அதிகாரி? வேண்டாம்னு சொல்லுங்க."

"நான் கேட்டல் துறை. நீக்கல் துறை வேற." பாகு வழிந்த முள்கரண்டியைப் பார்த்தபடி யோசித்தார். "ஒரு வழி இருக்கு. வாசகர் போயிட்டா அவரோட குறையும் போயிரும். நீங்க சந்தாவை ரத்து பண்ணிடுங்க."

வெள்ளிக்கிழமை மாளிகைப் பக்கம் மிர்னாவின் கண்ணில் வந்து போனது எனக்குத் தெரிந்தது. "சரி, பண்ணுங்க," என்றாள்.

"நானே ஃபோன் பண்றேன். ஒரு நிமிஷ வேலை," என்றார் விட்லாக்.

ஒலிபெருக்கியில் போட்டார். 'உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம். தயவுசெய்து காத்திருங்கள்' என்றது ஒரு குரல். விட்லாக்கின் முகம் மலர்ந்தது. அது அவருடைய குரல்தான்.

"நல்ல குரல் சார்," என்றான் ஓட்டிஸ்.

அந்த மலர்ச்சி ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. நான் வெளியே போய்ப் பனியை வாரிவிட்டுத் திரும்பியபோது அவர் டையைக் கழற்றியிருந்தார்.

'எதற்காக அழைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.'

"ரத்து."

'பத்து என்றீர்களா? பத்து வருடச் சந்தாவுக்கு எங்கள் நன்றி.'

"பத்து இல்ல, ரத்து! ரத்து! நான் சொல்றதக் கொஞ்சம் கேளுய்யா!"

'கேட்டுக்கொண்டிருக்கிறோம்,' என்றது அவர் குரல், ஒன்றரை மணி நேரப் பேச்சில் நாங்கள் கேட்ட அதே கனிவோடு.

மத்தியானம் சூப் வைக்கும் நேரத்துக்கு ஒரு மனுஷக்குரல் கிடைத்தது. பேசியது இளம் பெண். விட்லாக் பாய்ந்தார். "நான் துணைத் தலைவர் விட்லாக் பேசறேன்!"

"தெனமும் நாலு பேர் அப்படித்தான் சார் சொல்றாங்க," என்றாள் அவள் பொறுமையாக. "குரலே உடைஞ்சு போயிருக்கே. ரொம்ப நேரமாக் காத்திருந்தீங்களா? சாப்டீங்களா சார்?"

விட்லாக் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் பேசியதெல்லாம் எங்களுக்குக் கேட்கவில்லை. "இல்லம்மா, யாரும் கேட்டதில்ல," என்பது ஒரு தடவை கேட்டது. "ஆமா, தனியாத்தான்," என்பது ஒரு தடவை. மிர்னா சூப்பைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் போடாதே என்று எனக்குக் கையைக் காட்டினாள். ஒரு கட்டத்தில் அந்த மனுஷர் மூக்கை உறிஞ்சினார். பனியில் நனைந்ததாலும் இருக்கலாம்.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ரத்து ஆயிருச்சா சார்?" என்றான் ஓட்டிஸ்.

"இல்ல," என்றார் விட்லாக். "அந்தப் பொண்ணு ரொம்ப நல்லாப் பேசினா. நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

"எதை?"

"சந்தா. குடை ஒண்ணு இலவசம்னா."

"எந்த அட்ரஸுக்கு?"

"இப்ப எங்க இருக்கீங்கன்னு கேட்டா. இங்க இருக்கேன்னு சொன்னேன்."

ஓட்டிஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். மிர்னா அவன் தோளில் கையை வைத்தாள். அந்த மாதம் முழுக்க அவள் யாருக்கும் மாளிகைப் பக்கம் வாசித்துக் காட்டவில்லை. ஓட்டிஸ் தட்டில் மட்டும் ஒரு கரண்டி அதிகமாக விழுந்தது. அவனால் அதைச் சாப்பிட முடியவில்லை.

மாதக் கடைசியில் ஓட்டிஸுக்குக் கடிதம் வந்தது. நீக்கல் துறையிலிருந்து அல்ல, வளர்ச்சித் துறையிலிருந்து. நாடு முழுக்க ஒவ்வொரு ரூட்டிலும் சந்தா சரிந்த வருஷத்தில், அவன் ரூட்டில் மட்டும் ஒன்று கூடியிருக்கிறதாம். வளர்ச்சி காணும் தூதர் மேல் எந்தத் துறையும் கை வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். அவன் அந்தக் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று வாசித்தான். கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியைப் பார்த்து வீசினான். அது ஆசிரியர்கள் மேஜையில் போய் விழுந்தது.

இப்போது எங்கள் வீட்டுக்கு இரண்டு பத்திரிகை வருகிறது. விட்லாக்கின் பெயர் போட்டு வருவதை மிர்னா பிரிப்பதில்லை. அடுத்தவர் சொத்து என்று அலமாரி மேல் அடுக்கி வைத்திருக்கிறாள். போன வாரம் அவரே ஃபோன் செய்து, தன் பத்திரிகை ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். ரொம்ப ஒழுங்கா வருது சார் என்றாள் மிர்னா. பான்கேக்கைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரிகையைப் பற்றி உங்கள் கருத்து ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்.

மிர்னா சட்டென்று எழுந்து நின்றாள். ஒரு கை தானாகவே போய்க் கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்த்தது.

"கருத்தா? எங்க வீட்ல யாருக்கும் அது கிடையாது சார்," என்றாள். "எங்க பரம்பரையிலேயே கிடையாது."